கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்கிய கதை: பதினான்கு மாதம், 185 டாலர்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2008 ஏப்ரல் முதல் 2009 ஜூன் வரை, வீட்டில் இருந்த இரண்டு பழைய டிவிகளை டிஜிட்டலுக்கு மாற்ற எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 185 டாலர். மூன்று கன்வெர்ட்டர் பெட்டிகள் (ஆண்டெனாவில் வரும் டிஜிட்டல் சிக்னலைப் பழைய அனலாக் டிவி காட்டும்படி மாற்றித் தருபவை), உதவாத ஒரு ஆண்டெனா, ஒரு பை நிறைய ஒயர். நிதானமாகச் செய்திருந்தால் நாற்பது டாலருக்குள் முடிந்திருக்கும். இத்தனை செலவு செய்தும் கடைசியில் 7-ம் சேனலை வரவைத்தது பக்கத்துத் தெரு கராஜ் சேலில் இரண்டு டாலருக்கு வாங்கிய பழைய கம்பி ஆண்டெனாதான். இப்போது அமெரிக்காவில் அடுத்த தலைமுறை ஒளிபரப்புக்கு மறுபடியும் பெட்டி விற்கிறார்கள். தெரிந்த பையன் ஒருவன் “அண்ணா, எதை வாங்கட்டும்?” என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

அப்போது நான் சிகாகோவின் வடக்குக் கோடியில் ஒரு அபார்ட்மெண்டின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தேன். கேபிளுக்கு மாதாமாதம் கொடுக்க மனசில்லை. ஹாலில் 27 அங்குல டிவி, அதோடு ஒரு விசிஆர் (நம்மூரில் டெக் என்போமே, அது), படுக்கையறையில் 13 அங்குலக் குட்டி டிவி. இரண்டுக்கும் ஆண்டெனாதான். முழு சக்தி நிலையங்கள் (பெரிய டிவி நிலையங்கள்) எல்லாம் 2009 பிப்ரவரி 17-ஓடு அனலாக் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. 52 முதல் 69 வரையிலான அலைவரிசைகளைக் காலி செய்து, ஒரு பகுதியைத் தீயணைப்பு, காவல் துறைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை செல்போன் கம்பெனிகளுக்கு ஏலம் விடுவது திட்டம். 2008-ல் நடந்த அந்த ஏலத்தில் அரசுக்கு 1,900 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. என்னைப் போல ஆண்டெனாவை நம்பி இருப்பவர்கள் திண்டாடக் கூடாது என்று இந்தப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார்கள். ஒன்றின் மதிப்பு 40 டாலர். இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டிக்குக் கொடுக்க முடியாது. தபாலில் போட்ட நாளிலிருந்து 90 நாள்தான் செல்லும்.

அந்த 90 நாளில்தான் முதல் அடி. கூப்பன்கள் பிளாஸ்டிக் அட்டையாக வந்தன, காலாவதித் தேதி அதிலேயே அச்சாகியிருந்தது. ஒன்றைக் கொடுத்து 50 டாலர் பெட்டியை வாங்கினேன். வரியோடு சேர்த்துக் கையிலிருந்து போனது சுமார் 15 டாலர். அடுத்ததை “இன்னும் நல்ல பெட்டி வரட்டும்” என்று இழுப்பறையில் போட்டுவிட்டு, தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணம் போய்விட்டேன். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் தேதி தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது. அப்போது மாற்றுக் கூப்பனும் தரமாட்டார்கள். அதற்கப்புறம் 2009 ஜனவரி முதல் வாரத்தில் கூப்பனுக்கு ஒதுக்கிய பணமே தீர்ந்துபோய் லட்சக்கணக்கானவர்கள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போனார்கள். அந்தச் செய்தியைக் கேட்டதும் பதறிப்போய் முழு விலை கொடுத்து இரண்டாவது பெட்டியை வாங்கினேன். 66 டாலர். அடுத்த மாதமே கெடுவை ஜூன் 12-க்குத் தள்ளிப் புதுச் சட்டம் வந்தது, கூப்பன் காலாவதியானவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் அறிவித்தார்கள். கெடுத் தேதியைப் பார்த்துப் பயந்து கடைக்கு ஓடினால் இப்படித்தான் ஆகும். நான் இன்னும் மூன்று வாரம் பொறுத்திருக்கலாம்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். முதல் பெட்டியை அட்டையைப் பிரித்து வெளியே எடுத்ததும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஆண்டெனா உள்ளே, டிவிக்கு வெளியே என்று இரண்டு திருகு முனைகள், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள். அவ்வளவுதான். ஹெச்டிஎம்ஐ இல்லை. டிஜிட்டல் என்றால் ஹெச்டி என்று நினைத்திருந்த எனக்கு ஏமாற்றம். கம்பெனி காசு மிச்சம் பிடித்திருக்கிறது என்று கோபம்கூட வந்தது. பிறகுதான் தெரிந்தது, ஹெச்டிஎம்ஐ வைத்தால் அந்தப் பெட்டிக்குக் கூப்பனே செல்லாது. காம்பொனன்ட் முனை (படத்தை மூன்று ஒயரில் பிரித்து அனுப்புவது) வைத்தாலும் செல்லாது, பதிவு செய்யும் வசதி வைத்தாலும் செல்லாது. பழைய டிவிக்காரருக்குப் படம் தெரிந்தால் போதும், சொகுசுக்கு அரசாங்கப் பணம் கிடையாது என்பது விதி. எஸ்-வீடியோ (மஞ்சள் ஓட்டையை விடக் கொஞ்சம் தெளிவாகப் படம் தரும் முனை) வைக்கலாம், ஆனால் கட்டாயமில்லை. கூடுதல் நிகழ்ச்சி நிரல், அனலாக்கை அப்படியே டிவிக்குக் கடத்தும் வசதி எல்லாம் இதே ரகம். கட்டாயமில்லாததைச் சேர்த்தால் விலை ஏறும். 40 டாலர் கூப்பனுக்கு மேல் வாடிக்கையாளர் கையிலிருந்து பத்தோ இருபதோதான் வரும் என்று எல்லாக் கம்பெனிக்கும் தெரியும். அதனால் ஒவ்வொருவரும் எதையாவது ஒன்றை விட்டுவிட்டார்கள். எதை விட்டார்கள் என்பதில்தான் ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். அட்டையின் மேல் அது இருக்காது. இருப்பதை மட்டும்தானே அச்சடிப்பார்கள்?

என் முதல் பெட்டி விட்டது அனலாக் கடத்தலை. ஆண்டெனா ஒயரைப் பெட்டியில் மாட்டினால், பெட்டி அணைந்திருந்தாலும் அனலாக் சிக்னல் அதைத் தாண்டி டிவிக்குப் போகாது. எல்லாம்தான் டிஜிட்டல் ஆகப்போகிறதே, போகாவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் கெடு முழு சக்தி நிலையங்களுக்கு மட்டும்தான். குறைந்த சக்தி நிலையங்கள் அனலாக்கிலேயே தொடரலாம் என்று விட்டிருந்தார்கள். நான் ராத்திரி சாப்பிடும்போது பார்க்கும் பழைய தொடர்கள் வந்தது அப்படி ஒரு சின்ன நிலையத்தில். பெட்டியை மாட்டிய அன்றே அது காணாமல் போனது. அதற்காக ஒரு ஸ்ப்ளிட்டர் (ஒரு ஒயரை இரண்டாகப் பிரிப்பது), ஒரு கைச்சுவிட்சு, நாலைந்து ஒயர் என்று 20 டாலர். ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சிக்னலில் பாதிதான் போகும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். விளிம்பில் வந்துகொண்டிருந்த இரண்டு சேனல்கள் அதோடு போயின. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், நிழல் விழும், ஆனாலும் கதை புரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலையே கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே பஸ் போனால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றும் இருக்காது.

விசிஆர் கதை தனி. அனலாக் காலத்தில் விசிஆர் தானே சேனல் மாற்றிப் பதிவு செய்யும். இப்போது சேனல் மாற்றுவது பெட்டி, விசிஆர் அது கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளும். எட்டு மணிக்கு ஒரு சேனல், பத்து மணிக்கு வேறு சேனல் என்று பதிவு செய்ய வேண்டுமானால் நடுவில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் டைமர் இருந்தால் பிரச்சினை தீரும். டைமர் உள்ள பெட்டிகள் இருந்தன, விலை பத்துப் பதினைந்து டாலர் கூட. அந்தப் பதினைந்தை மிச்சம் பிடித்ததால்தான் பிறகு மூன்றாவது பெட்டி வாங்க நேர்ந்தது.

ஒரே சேனல்தானே வேண்டும் என்று அதிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போன நாளிலும் டேப்பில் வெறும் நீலத் திரை. அந்த வாரத்தில் மூன்று முறை. விசிஆர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புதுசு விலைகூட விசாரித்துவிட்டேன். காரணம் கையேட்டின் பின்பகுதியில் ஒரே வரியில் இருந்தது. நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் பெட்டி தானாக அணைந்துவிடும். இதுவும் விதிதான். மின்சாரம் வீணாகக் கூடாது, தூங்கும் நிலையில் 2 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதோடு சேர்ந்து வந்தது. கோடிக்கணக்கான பெட்டிகள் ராப்பகலாக எரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் நியாயமான விதி. மெனுவில் போய் அதை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் நீங்களாகத் தேடிப் போக வேண்டும், அது இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி வாங்கினாலும் படம் வந்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிடாமல், மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். எனக்கு அந்த அரை மணி நேரத்தை ஒதுக்காததால் ஒரு வாரம் போனது.

மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்தார். படுக்கையறையையும் குட்டி டிவியையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் விலை ஊகிக்கும் போட்டிகள், சமையல், வானிலை எல்லாம் பார்ப்பார். வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

“ஏன்டா, டிவிக்கு ஒண்ணு, டப்பாவுக்கு ஒண்ணு, ரெண்டு ரிமோட் எதுக்கு?”

“சத்தத்துக்கு இதும்மா, சேனலுக்கு அது.”

“அப்போ அணைக்கறதுக்கு?”

இரண்டையும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டியின் படம் 3-ம் எண்ணில்தான் வரும், அதனால் டிவியை எப்போதும் அதிலேயே வைத்திருக்க வேண்டும், அதன் ரிமோட்டில் எண்ணைத் தொடவே கூடாது என்று சொல்லி, எண் பொத்தான்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாவது பெட்டியின் ரிமோட் வேறு தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். பொத்தான்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. வயதானவர்கள் பார்க்கும் டிவிக்குப் பெட்டி வாங்கும்போது கடையில் ரிமோட்டை வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். டிவி ரிமோட்டிலேயே பெட்டியும் வேலை செய்யுமா, பெட்டியின் ரிமோட்டால் டிவியின் சத்தத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சில பெட்டிகளில் முடிந்தது. சில பெட்டிகளில் முன்பக்கம் ஒரு பொத்தான்கூட இல்லை. அதில் ரிமோட் தொலைந்தால் பெட்டி வெறும் டப்பாதான்.

ஜூன் 12, வெள்ளிக்கிழமை. எனக்குப் பயமே இல்லை. பல மாதமாக டிஜிட்டலில்தானே பார்க்கிறேன், மறுபடி ஒரு தடவை ஸ்கேன் செய்தால் (பெட்டியைச் சேனல்களைத் தேடவிட்டால்) முடிந்தது என்று இருந்தேன். சாயங்காலம் ஸ்கேன் செய்தேன். 7-ம் சேனல் இல்லை. மறுபடி செய்தேன், இல்லை. நான் செய்திருந்த தப்பு இதுதான்: பெட்டி திரையில் காட்டும் 7.1 என்பது பெயர்ப்பலகை. அதுவரை அந்த நிலையத்தின் டிஜிட்டல் நிஜத்தில் வந்துகொண்டிருந்தது 52-ம் அலைவரிசையில், அதாவது யுஹெச்எஃப் என்கிற மேல்பகுதியில். காலி செய்ய வேண்டிய 52 முதல் 69-க்குள் அது இருந்ததால் அன்று தன் பழைய இடமான 7-க்கே, அதாவது விஹெச்எஃப் என்கிற கீழ்ப்பகுதிக்கே, திரும்பிவிட்டது. என் கையில் இருந்ததோ நவம்பரில் வரியோடு 39 டாலர் கொடுத்து வாங்கிய யுஹெச்எஃப் ஆண்டெனா. “டிஜிட்டல் ஆண்டெனா” என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. டிஜிட்டலுக்கென்று தனி ஆண்டெனா கிடையாது, அலைவரிசைக்கு ஏற்ற ஆண்டெனாதான் உண்டு. அதை வாங்கிய அன்றே, நீளக் கம்பி இரண்டு நீட்டிக்கொண்டிருந்த பழைய ஆண்டெனாவைக் குப்பையில் போட்டிருந்தேன்.

அன்று ஒரே நாளில் எஃப்சிசியின் (ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு ஆணையம்) உதவி எண்ணுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் போனதாகப் பிறகு படித்தேன். சிகாகோவின் 7-ம் சேனல் அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்று. அவர்கள் சக்தியைக் கூட்ட அனுமதி வாங்கினார்கள், பிற்பாடு 44-ம் அலைவரிசைக்கே போய்விட்டார்கள். ஆக, என் வீட்டில் மட்டும் நடந்த கூத்து இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி தரையில் உட்கார்ந்து ஆண்டெனாவை ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நகர்த்திக்கொண்டிருந்தபோது அது தெரியாது. மட்டமான பெட்டி, மட்டமான நான் என்றுதான் தோன்றியது. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் போனதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. சிக்னல் எவ்வளவு என்று காட்டும் பட்டை எல்லாப் பெட்டியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் பெட்டியிலும் இருந்தது. ஆனால் ஸ்கேனில் அகப்பட்ட சேனலுக்கு மட்டும்தான் அந்தப் பட்டை வரும். அகப்படாத சேனலுக்காகத்தானே ஆண்டெனாவைத் திருப்புகிறேன்? அதற்குப் பட்டையைக் காட்டாது. ஆண்டெனாவை ஒரு சாண் நகர்த்து, முழு ஸ்கேனையும் ஓட்டு, ஆறு நிமிஷம் காத்திரு, இல்லை, மறுபடி நகர்த்து. போதாததற்கு ஒவ்வொரு ஸ்கேனும் பழைய பட்டியலை அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். ஒரு சேனலைத் தேடிப் போய் வேறு மூன்றை இழப்பேன். பதினோரு தடவை செய்தேன், எண்ணி வைத்திருக்கிறேன். மத்தியானம் வெறுத்துப்போய் அம்மா அறையிலிருந்த இரண்டாவது பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தேன். அதில் ரிமோட்டில் 7 என்று அமுக்கினால் நேராக அந்த அலைவரிசைக்குப் போனது, பட்டையும் காட்டியது. சேர்த்துக்கொள் என்றால் பழையவற்றை அழிக்காமல் சேர்த்தது. கடையில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, எந்த அட்டையிலும் இது இல்லை. பெட்டி வாங்குகிறவருக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க அனுமதி என்றால் நான் இதைத்தான் கேட்பேன்: ஸ்கேனில் வராத சேனலின் எண்ணை அமுக்கினால் சிக்னல் பட்டை வருமா?

பட்டை வந்த பிறகு விஷயம் விளங்கிவிட்டது. என் ஆண்டெனாவில் அது தரையோடு தரையாகக் கிடந்தது. 7-ம் அலைவரிசையின் நடு 177 மெகாஹெர்ட்ஸ். அரை அலைநீளம் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர், ஆக ஒரு பக்கத்துக்கு 42 சென்டிமீட்டர் கம்பி. என்னிடம் இருந்ததோ கைப்பிடி அளவு வளையம். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவோடு நடக்கப் போனபோது ஒரு வீட்டு முன்னால் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் ஒரு முயல் காது ஆண்டெனா, ஒரு கம்பி லேசாக வளைந்திருந்தது. இரண்டு டாலர். வீட்டுக்கு வந்து டெய்லர் டேப்பால் அளந்து இரண்டு பக்கமும் 42-க்கு இழுத்து, ஜன்னல் கட்டையில் படுக்கைவாட்டில் விரித்து வைத்தேன். பட்டை பாதிக்கு மேல் ஏறியது. 7 வந்தது. கூடவே 2-ம் சேனலும் வந்தது. அதுவரை அதன் டிஜிட்டல் 3-ம் அலைவரிசையில் இருந்ததால் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அன்று 12-க்கு மாறியிருந்தது.

இதற்கப்புறமும் அம்மா அறையில் ஒரு சிக்கல். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு போன் செய்தார். “சரியா ஒரு மணிக்கு நின்னு போயிடுதுடா. நான் எதையும் தொடலை.” மறுநாளும் அதே ஒரு மணி. ஒயரா, ஆண்டெனாவா என்று குழம்பி அரை நாள் லீவு போட்டு வந்து பார்த்தால், பழைய நண்பர்தான். ஸ்கேனுக்கு முன்னால் நல்லபடியாக இருக்கட்டும் என்று பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருந்தேன். நான்கு மணி நேரக் கணக்கும் கூடவே திரும்பி வந்துவிட்டது. அம்மா ஒன்பது மணிக்குப் போடுவார், ரிமோட்டைத் தொடாமல் ஒரே சேனலைப் பார்ப்பார். நான் பிளாஸ்திரி ஒட்டிச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் அப்படியே செய்திருக்கிறார்.

மறுவிண்ணப்பத்தில் வந்த கூப்பனைக் கொடுத்து அந்த மாதமே மூன்றாவது பெட்டியை வாங்கினேன். டைமர் உண்டு, அனலாக் கடத்தல் உண்டு, எஸ்-வீடியோ உண்டு. கூப்பன் போக 43 டாலர். கைச்சுவிட்சையும் ஸ்ப்ளிட்டரையும் கழற்றிப் போட்டேன்.

அந்தப் பெட்டியும் இரண்டரை வருஷத்தில் படுத்துக்கொண்டது. முன்னால் பச்சை விளக்கு கண் சிமிட்டும், படம் வராது. வீசி எறிவதற்கு முன்னால் நான்கு திருகைக் கழற்றித் திறந்தேன். (திறப்பவர்கள் ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். பவர் பகுதியில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாவிட்டால் தொடவே வேண்டாம்.) உள்ளே பாதி காலி. பவர் பகுதி ஒரு மூலையில், அதன் மேல்மூடியில் காற்றுப் போக ஏழெட்டுக் கீறல். அங்கே சுண்டுவிரல் நுனி உயரத்தில் இரண்டு கெப்பாசிட்டர்கள். ஒன்றின் தலை காசு மாதிரித் தட்டையாக இருந்தது. இன்னொன்றின் தலை இட்லி போல உப்பி, நடுவில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட், 85 டிகிரி என்று உடம்பில் எழுதியிருந்தது. சின்ன டப்பா, கொஞ்சம் கீறல், மலிவான 85 டிகிரி சரக்கு, அதன் மேல் நான் வைத்திருந்த விசிஆர். 105 டிகிரி தாங்குவதாக ஒன்றை வாங்கிப் பற்றவைத்தேன், விலை ஒரு டாலருக்குள். அதற்குப் பிறகு பெட்டியின் மேல் எதையும் வைப்பதில்லை.

இப்போது வருகிற பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறது, இணையம் இருக்கிறது, விட்டுப்போவது வேறு. ஏடிஎஸ்சி 3.0 என்கிற அந்த அடுத்த தலைமுறை ஒளிபரப்பில் சில நிலையங்கள் ஒளிபரப்பைப் பூட்டி அனுப்புகின்றன, பூட்டைத் திறக்கும் அனுமதி வாங்காத பெட்டியில் அவை வராது. ஒலியும் ஏசி-4 என்கிற புது வகை. அது தெரியாத கருவியில் படம் ஓடும், சத்தம் வராது. இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொல்லி, எதையும் வாங்குவதற்கு முன்னால் கையேட்டை இறக்கி எனக்கு அனுப்பு என்றேன். நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருக்கிறான். பெட்டி டிவிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் பிரித்துப் போட்ட அட்டை, “அண்ணா, தள்ளுபடி நேற்றோடு முடியுதுன்னு போட்டிருந்தான்” என்று கீழே ஒரு வரி.